பெரியவர்களுக்கு எதற்குப் பம்பரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 47. மதுரையில் கணக்கு எழுதும் வேலை. என் மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு மரப் பம்பரம், அதன் கயிறு, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஐந்து கூழாங்கற்கள் இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "பையனுக்கு வாங்கி வெச்சிருக்கீங்களா?" எனக்குத்தான் என்று சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். ஐந்து வருஷமாகக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த மாதிரி விளையாட்டுப் பொருள்களைச் சொல்கிறீர்கள்?

பம்பரம், அஞ்சாங்கல், கோலி, பல்லாங்குழி, பட்டம், யோ-யோ, கையால் உருட்டிப் பிசையும் களிமண். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், திரை வேண்டாம். எப்படி விளையாடுவது என்பது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கைக்கு வருவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். நான் 'எளிய பொருள்' என்று சொல்வது இந்த மாதிரிப் பொருளைத்தான்.

ரூபிக் கனசதுரத்தையும் இதில் சேர்ப்பேன். 1974ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எர்னோ ரூபிக் என்ற கட்டடக்கலை ஆசிரியர் செய்தது அது. செய்து முடித்து, திருகிக் கலைத்துப் பார்த்தவர், மறுபடி சேர்க்க ஏறக்குறைய ஒரு மாதம் திண்டாடினார். அதில் முதன்முதலில் விளையாடிய ஆளே முப்பதை எட்டிக்கொண்டிருந்த பெரிய மனிதர்தான்.

சரி, இதனால் என்ன பயன்?

எனக்குக் கிடைத்த முதல் பயன், ஒரு வேலையை மோசமாகச் செய்ய எனக்கு அனுமதி கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், நாற்பது வயதுக்கு மேல் நமக்குத் தெரிந்ததை மட்டும்தான் செய்துகொண்டிருக்கிறோம். தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கவே கூச்சம். என் வேலையில் ஓர் எண் தப்பினால் அபராதம், நோட்டீஸ், வாடிக்கையாளரிடம் தலைகுனிவு. பம்பரம் சாய்ந்து உருண்டு ஓடினால் ஒரு நஷ்டமும் இல்லை. எடுத்து மறுபடி கயிறு சுற்ற வேண்டியதுதான். ஒரு நாளில் இருபது முறை தோற்றுவிட்டு, அதனால் எதுவும் கெட்டுப் போகவில்லை என்று பார்ப்பது மனசை எவ்வளவு இலகுவாக்குகிறது என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டாவது பயன், பம்பரம் உடனே பதில் சொல்லிவிடும். அலுவலகத்தில் நான் செய்த வேலை சரியா தப்பா என்று தெரிய ஆறு மாதம் ஆகும். இங்கே இரண்டு விநாடி. கயிற்றை எங்கே தளர்வாகச் சுற்றினேன், கையை எப்போது தாமதமாக இழுத்தேன் என்பது அது தரையில் விழும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, கவனம். பம்பரம் 'தூங்குவதை' எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்களோ தெரியவில்லை. நன்றாக விழுந்த பம்பரம் முதலில் கொஞ்சம் தடுமாறும், தலையைச் சுற்றும், அப்புறம் மெல்ல நிமிர்ந்து ஒரே இடத்தில் நின்றுவிடும். மேலே அடித்திருக்கும் சிவப்பும் பச்சையும் கலந்து ஒரே நிறமாகிவிடும். கிட்டே காதை வைத்தால் தேனீ மாதிரி மெல்லிய ரீங்காரம். சுற்றுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் நான் வேறெதையும் நினைத்ததில்லை. அதன் வேகம் குறைந்து ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும்போதுதான் எனக்கு மூச்சே திரும்பி வரும்.

இதற்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, அல்லது உங்கள் அனுபவம் மட்டும்தானா?

பெரும்பாலும் அனுபவம்தான். ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜெர்மனியில் செய்தது, 2004ல் நேச்சர் இதழில் வெளிவந்தது. மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தை தெரியாத சிலருக்கு மூன்று மாதம் அதைப் பழகக் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். நகரும் பொருளைக் கண்ணால் தொடர உதவும் பகுதி சற்றே பெரிதாகியிருந்தது. பழக்கத்தை விட்டு மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் அது திரும்பக் குறைந்திருந்தது. 2008ல் சராசரி வயது 60 உள்ளவர்களிடமும் இதையே செய்து பார்த்தார்கள். இளைஞர்கள் அளவுக்கு அவர்களுக்கு வித்தை கைவரவில்லை. ஆனாலும் மூளையில் மாற்றம் தெரிந்தது.

இதை வைத்துப் "பம்பரம் விட்டால் மறதி நோய் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோதித்தது சில டஜன் பேரை. விளையாடியது பந்து, அஞ்சாங்கல் அல்ல. வயதான கையும் கண்ணும் புதிதாக ஒன்றைக் கற்கும், மூளை அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்கும், விட்டால் போய்விடும். அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

மன அழுத்தத்துக்கு மருந்தாகுமா?

மருந்து இல்லை. தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பம்பரம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஒரு நாளின் சோர்வு, ஒரு போன் பேச்சு விட்டுப்போன எரிச்சல், இதற்கெல்லாம் பத்து நிமிஷ அஞ்சாங்கல் எனக்கு நன்றாகவே உதவுகிறது.

போனில் கேம் விளையாடினாலும் அதே பயன்தானே?

போன் கேமை நான் குறை சொல்லவில்லை, நானும் விளையாடியிருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. போனில் விரல் நுனி மட்டும் கண்ணாடியில் வழுக்குகிறது. அஞ்சாங்கல்லில் ஒரு கல் ஆகாயத்தில் இருக்கும்போதே கீழே இருப்பதை அள்ள வேண்டும், மேலே போனது இறங்கும் நேரத்தை உடம்பு தானாகக் கணக்குப் போட வேண்டும், இதற்கு நடுவில் பக்கத்துக் கல்லைத் தொடக்கூடாது. கல்லின் கனம், குளிர்ச்சி, உள்ளங்கையில் ஐந்தும் சேரும்போது வரும் 'கலக்' சத்தம் எதையும் திரை தராது.

இன்னொன்று: போன் கேமுக்கு முடிவே இல்லை. அடுத்த லெவல், அடுத்த விளம்பரம், நாளைக்கு வந்தால் பரிசு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூழாங்கல் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கிண்ணத்தில் போட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வெட்கமாக இருக்கிறதே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு புகைப்படத்தைக் காட்டுவேன். ஸ்வீடனின் லுண்ட் நகரில் இயற்பியல் கழகக் கட்டடம் ஒன்றின் திறப்பு விழாவில் எடுத்தது. கோட்டும் சூட்டும் போட்ட இரண்டு பெரியவர்கள் குனிந்து தரையில் ஒரு சின்னப் பம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நீல்ஸ் போர், மற்றவர் வொல்ப்காங் பாவ்லி. இருவரும் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர்கள். அது சுற்றச் சுற்றத் தானாகவே தலைகீழாகக் கவிழ்ந்து காம்பில் நின்று சுற்றும் வகைப் பம்பரம். அந்த இரண்டு முகங்களையும் பாருங்கள், வெட்கம் எங்கேயாவது தெரிகிறதா என்று.

ரிச்சர்ட் ஃபைன்மன் கதையும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலையில் பிடிப்பே இல்லாமல் சோர்ந்திருந்த நேரம். கேன்டீனில் யாரோ ஒரு தட்டை மேலே சுழற்றி எறிய, அது தள்ளாடியபடி சுற்றுவதைப் பார்த்திருக்கிறார். தள்ளாட்டத்துக்கும் சுழற்சிக்கும் என்ன கணக்கு என்று சும்மா ஆசைக்குப் போட்டுப் பார்த்தார். எதற்கும் பயன்படாது என்று தெரிந்தேதான் போட்டார். அந்த விளையாட்டிலிருந்துதான் தன் பழைய ஆர்வம் திரும்பியது என்றும், 1965ல் நோபல் வாங்கித் தந்த வேலை அங்கிருந்து வளர்ந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். நமக்கு நோபல் வேண்டாம். ஆர்வம் திரும்பினால் போதாதா?

ஜப்பானில் 2012லிருந்து சிறு தொழிற்பட்டறைக்காரர்கள் தங்களுக்குள் பம்பரச் சண்டைப் போட்டி நடத்துகிறார்கள். 20 மில்லிமீட்டருக்கு மிகாத குறுக்களவில், லேத்தில் தாங்களே கடைந்த உலோகப் பம்பரங்கள். ஒரு கையால் சுழற்றி விட வேண்டும். தோற்றவர் தன் பம்பரத்தை ஜெயித்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். வேலை உடுப்போடு, தலை நரைத்த மனிதர்கள் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றி நின்று கத்துவார்கள்.

பெண்கள் பம்பரம் விடலாமா?

தாராளமாக. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் பம்பரமும் கோலியும் பையன்களுக்கு, அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் எங்களுக்கு. என் தம்பி பம்பரம் விடும்போது திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டால் "ஆம்பளைப் பசங்களோட என்ன ஆட்டம்" என்று பாட்டி அதட்டுவார். 42 வயதில் சித்திரைத் திருவிழாக் கடையில் முதல் பம்பரத்தை 40 ரூபாய்க்கு வாங்கினேன். சொல்லிக் கொடுத்தது தம்பி மகன், அப்போது அவனுக்குப் பத்து வயது. "கயித்த இன்னும் இறுக்கிச் சுத்துங்க அத்தை, லூசா இருந்தா பறக்காது" என்று என் கையைப் பிடித்துக் காட்டினான். முதல் மூன்று வாரம் ஒன்றுகூட நிற்கவில்லை. மொட்டை மாடியில் முதல் தடவை அது நிமிர்ந்து சுற்றியபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

பம்பரம் விடப் பழகுவது எப்படி?

கயிற்றின் நுனியை ஆணியை ஒட்டிப் பிடித்து, முதல் இரண்டு சுற்றை நகத்தால் அழுத்தி இறுக்கமாகச் சுற்றுங்கள். இதில்தான் எல்லாமே இருக்கிறது. அப்புறம் கூம்பு மேல் ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், அடுத்தடுத்து ஒட்டினாற்போல மேலே வாருங்கள். கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சுப் போட்டு, அதை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளுங்கள். எறிவதற்குப் பலம் வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் (நானும்தான்) தரையை உடைக்கிற மாதிரி எறிகிறோம். கை முன்னால் போய், கயிறு முழுக்கப் பிரிவதற்குச் சற்று முன் பின்னால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். பம்பரத்தைச் சுற்றவைப்பது அந்தச் சுண்டுதான்.

சிமென்ட் தரை நல்லது. டைல்ஸ் வேண்டாம்: ஆணி வழுக்கும், டைல்ஸும் தெறிக்கும். சுற்றும் பம்பரத்தைக் கயிற்றால் தூக்கிக் கையில் ஏந்தும் அபீட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அது வர இரண்டு வருஷம் ஆனது. உள்ளங்கையில் ஆணி சுற்றும்போது வலிக்காது, ஒரு குறுகுறுப்பு மட்டும் இருக்கும்.

வயதான அம்மா அப்பாவுக்கு எது பொருந்தும்?

பல்லாங்குழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பா போனபிறகு அம்மா என்னோடு வந்து இருந்தார். பேச்சு நின்றுவிட்டது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று நான் கேட்பதும் அவர் தலையாட்டுவதுமாகவே நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் எதையோ தேடும்போது பழைய பல்லாங்குழிப் பலகை கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. சமையலறை டப்பாவில் புளியங்கொட்டை இருந்தது. குழிக்கு ஐந்தாக எழுபது எண்ணிப் போட்டு அம்மா முன்னால் வைத்தேன்.

விளையாட்டு இதுதான்: உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெற்றாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்; அதோடு உங்கள் ஆட்டம் நின்று எதிராளி தொடங்குவார். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும்.

அம்மா முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பசுவைக் கவனிக்காமல் தாண்டிப் போனதும், "ஏண்டி, பசுவ விட்டுட்டுப் போற, கண்ணு எங்க இருக்கு?" என்றார். மூன்று மாதத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி வரை விளையாடினோம். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று அவர் விரல் படாமலேயே கண்ணால் எண்ணிவிடுவார். தன் அத்தையோடு விளையாடியது, மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் நாள் முழுக்க ஆடியது என்று கதை கதையாக வந்தது. எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வராத பேச்சு, கைக்கு ஒரு வேலை இருந்தால் தானாக வருகிறது. இதை நான் அதற்கப்புறம் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

விரல் மடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் புளியங்கொட்டையைவிடப் பெரிய சோழி வசதி. கண் பார்வை குறைவென்றால் வெளிர்நிறப் பலகையும் கருத்த கொட்டையும் வையுங்கள்.

குழந்தைகளோடு விளையாடும்போது விட்டுக்கொடுத்துத் தோற்க வேண்டுமா?

வேண்டாம். உண்மையாக விளையாடுங்கள், பம்பரத்தில் எப்படியும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். உங்களுக்குத் தெரியாததை அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். பதிலுக்கு அவர்கள் கேட்பதற்கு நீங்கள் தேடிச் சொல்லுங்கள். "ஏன் அத்தை சுத்துறவரைக்கும் விழ மாட்டேங்குது?" என்று தம்பி மகன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்துச் சொன்னேன்: வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சு நிற்கும் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. பூமி கீழே இழுத்தாலும் அது விழுவதற்குப் பதிலாகத் தலையை மெல்ல வட்டமாகச் சுற்றும். சர்வதேச விண்வெளி நிலையம் திசை மாறாமல் இருப்பதற்கும் இதே தந்திரம்தான். அதற்குள் நான்கு கனத்த சக்கரங்கள் நிமிஷத்துக்கு 6600 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. அன்றிலிருந்து அவன் தன் பம்பரத்துக்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்துவிட்டான்.

எங்கே வாங்குவது? செலவு ஆகுமா?

அஞ்சாங்கல்லுக்குச் செலவே இல்லை. கொட்டைப்பாக்கு அளவில், ரொம்ப உருண்டையாக இல்லாத ஐந்து கற்கள் தேடுங்கள். முழு உருண்டையாக இருந்தால் தரையில் உருண்டு ஓடிவிடும். பம்பரம் திருவிழாக் கடைகளில் கிடைக்கும். மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியது வேண்டுமென்றால் பெங்களூரு–மைசூரு சாலையில் உள்ள சென்னப்பட்டணா பெயர்பெற்ற இடம். அங்கே மிருதுவான வெட்பாலை மரத்தில் செய்வார்கள். நம் ஊரில் மரச்செப்புக்கு அம்பாசமுத்திரம், தலையாட்டி பொம்மைக்குத் தஞ்சாவூர். தலையாட்டியை மேசையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். கனமெல்லாம் அடியில் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும்.

பணமே செலவழிக்காமல் செய்து விளையாட விரும்பினால் அரவிந்த் குப்தாவைத் தேடிப் பாருங்கள். கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு, தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் இவற்றில் விளையாட்டுப் பொருள் செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 2018ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் செய்முறைகள் இணையத்தில் இலவசம்.

கவனிக்க வேண்டிய ஆபத்து ஏதாவது?

பம்பர ஆணி கூர்மையானது. யாரும் எதிரில் நிற்கக் கூடாது. கோலியும் புளியங்கொட்டையும் கைக்குழந்தை உள்ள வீட்டில் கீழே கிடக்கக் கூடாது, வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். பட்டம் விட்டால் சாதாரணப் பருத்தி நூலில் மட்டும் விடுங்கள். கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூல் பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது, பறவைகளைக் கொன்றிருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. தோள்பட்டை வலி இருப்பவர்கள் பம்பரத்தை விட்டுவிட்டு அஞ்சாங்கல்லுக்கு வாருங்கள். கீழே உட்கார முடியாதவர்கள் அதையே மேசையில் ஒரு துண்டு விரித்து ஆடலாம்.

என் பம்பரம் சுற்றாமல் துள்ளித் துள்ளிக் குதிக்கிறது. என்ன செய்வது?

ஆணி கோணலாக இருக்கிறது. கடையில் வாங்கும் பம்பரத்தில் பாதிக்கு இந்தக் குறை உண்டு. கையில் பிடித்து மெதுவாக உருட்டி, ஆணி நுனி எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். குறடால் பிடித்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள், ஒரே அடியாக வளைத்தால் மரம் பிளந்துவிடும். அப்புறம் நுனியைச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் சுற்றிச் சுற்றித் தேய்த்து மழுங்கலாக்குங்கள். கூர் அதிகமாக இருந்தாலும் தரையைக் கொத்தித் துள்ளும். நாலைந்து முறை விட்டுப் பார்த்து, தேய்த்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலத்தில் சரியாகிவிடும்.